அக்ரஹார வீடும் லே-அவுட் வில்லாவும்

சென்ற தை மாதம் குடும்பத்துடன் கார்வேட்டிநகரம் சென்று ஸ்ரீ வேணுகோபால ஸ்வாமியை ஸேவித்துவிட்டு வந்தோம். புத்தூரிலிருந்து மேற்கே பிரியும் சாலையில் போகவேண்டும். ஸ்கந்த புஷ்கரிணிப் படிகளில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தோம். கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஓட்டு வீடுகள் சில இன்னும் மிச்சமிருக்கின்றன.

திருப்பதி திரும்பும் வழியில் என் பிள்ளை காரை ஒரு புதிய லே-அவுட்டின் வாசலில் நிறுத்தினான். அங்கே ஒரு வில்லா வாங்கலாமா என்று அவனுக்கு ஒரு யோசனை. விற்பனைக்காரர் பளபளப்பான புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். அதில் "அக்ரஹாரப் பாணி வில்லா" என்று அச்சிட்டிருந்தது. மாதிரி வீட்டைச் சுற்றிக் காட்டினார். வாசலில் உருண்டைத் தூண் இரண்டு. ஜன்னலுக்குக் கீழே ஒன்பது அங்குல அகலத்தில் ஒரு கிரானைட் பலகை. "இதுதான் திண்ணை ஸார்" என்றார். என் மனைவி அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து, "ஏன்னா, இது திண்ணையா, பூந்தொட்டி வைக்கிற தட்டா?" என்று கேட்டாள். விற்பனைக்காரருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். சிரித்துவிட்டார்.

அந்தக் கேள்வி எனக்குச் சிரிப்பாக இல்லை. திண்ணை ஏன் ஒன்பது அங்குலமாகச் சுருங்கியது என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. அதில் எனக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. அதையே இங்கு எழுதுகிறேன்.

காடு வெட்டிய நகரம்

கார்வேட்டிநகரம் என்ற பெயர் "காடுவெட்டி நகரம்" என்பதன் திரிபு என்று சொல்வார்கள். அப்படியானால் அதுவும் ஒரு காலத்தில் காட்டைத் திருத்தி மனை பிரித்த ஊர்தான். பொம்மராஜு பாளையம் என்றும் பெயர் பெற்ற இந்த ஜமீன் பழைய வடஆற்காட்டைச் சேர்ந்தது. திருத்தணியும் இதில் அடங்கியிருந்தது. வேணுகோபால முத்திரையுடன் பதங்கள் பாடிய ஸாரங்கபாணி இந்த ஸமஸ்தானத்தவர். 1911-ல் சித்தூர் ஜில்லா உருவானது. 1953-ல் ஆந்திர ராஜ்யம் பிரிந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானபோது கார்வேட்டிநகரம் சித்தூரிலேயே நின்றது. எல்லைக்கோடு இத்தனை முறை மாறியும், கோட்டின் இரு பக்கத்திலும் பழைய வீட்டின் அமைப்பு ஒன்றாகவே இருந்தது. வீட்டில் தமிழ், வெளியில் தெலுங்கு என்று வாழ்ந்த நம் குடும்பங்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

திருப்பதி நகரமும் இப்படி அமைந்ததுதான். ஸ்ரீ ராமானுஜர் சுமார் 1130-ல் கோவிந்தராஜப் பெருமாளைப் பிரதிஷ்டை செய்தார் என்பது மரபு. அந்தக் கோவிலைச் சுற்றி வீதிகளும் வீடுகளும் வளர்ந்துதான் இன்றைய கீழ்த்திருப்பதி உண்டாயிற்று. கோவில், நான்கு வீதி, வீதியில் வரிசை வீடு: இதுவும் ஒரு லே-அவுட்தான். "லே-அவுட்" என்ற சொல் மட்டும்தான் புதிது.

ஒட்டுச் சுவரின் விஞ்ஞானம்

அக்ரஹார வீட்டின் அங்கங்களை மூத்த அங்கத்தினர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இளையவர்களுக்காகச் சொல்கிறேன். தெருவிலிருந்து வரிசையாகத் திண்ணை, ரேழி, முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம், கூடம், காமிரா உள், சமையல் உள், பின்கட்டு, கிணற்றடி, கொல்லை. அகலம் பதினைந்து, இருபது அடிதான் இருக்கும். நீளம் நூறு அடியையும் தாண்டும். இரு பக்கச் சுவர்களும் அண்டை வீட்டுக்குப் பொது.

நான் பௌதிகம் படித்தவன் என்பதால் இதைக் கணக்காகப் பார்ப்பது வழக்கம். கார்வேட்டிநகரம் வட அட்சரேகை சுமார் 13.4 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உச்சிவேளைச் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கிறான். அந்த மாதங்களில் ஒரு வீட்டில் அதிகச் சூட்டை வாங்குவது முதலில் கூரை. அடுத்தபடி கிழக்கு, மேற்குச் சுவர்கள். காலையிலும் மாலையிலும் தாழ்ந்து வரும் வெயில் அவற்றின் மேல் நேராக விழுகிறது. வடக்கு, தெற்குச் சுவர்களுக்கு அத்தனை பாதிப்பு இல்லை. தெரு கிழக்கு மேற்காக ஓடினால், அதிலுள்ள வீடுகளின் நீண்ட பக்கச் சுவர்கள் கிழக்கும் மேற்கும் பார்க்கும். அந்தச் சுவர்களை அண்டை வீட்டுடன் ஒட்டிவிட்டால் வெயில் படவே வழியில்லை. நூறடிச் சுவரை இப்படி வெயிலிலிருந்து காப்பாற்றிவிடுகிறோம்.

பக்கங்களை அடைத்துவிட்டால் வெளிச்சமும் காற்றும் எங்கிருந்து வரும்? அதற்குத்தான் முற்றம். பகலில் சூடான காற்று முற்றம் வழியே மேலெழும்ப, ரேழியிலிருந்தும் கொல்லையிலிருந்தும் நிழலில் குளிர்ந்த காற்று உள்ளே வரும். இரவில் முற்றத்துத் தரை தன் சூட்டை நேராக ஆகாயத்துக்கு விட்டுவிடும். மழை பெய்தால் அண்டா வைத்துப் பிடிப்போம். 2003-ல் தமிழ்நாட்டு அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது என் தாயார் "இதுக்கு ஒரு சட்டமா?" என்றாள்.

சொல்லவேண்டிய மறுபக்கம்

பழமையைப் புகழ்ந்துவிட்டு நிறுத்திக்கொண்டால் அது சரித்திரம் ஆகாது. வீடு ஏன் அத்தனை நீளமாக இருந்தது? கொல்லைக் கோடியில் எடுப்புக் கக்கூஸ் இருந்தது. அதை மனிதர்கள் வந்து கையால் எடுத்துப் போக, பின்னால் ஒரு சந்து இருந்தது. முன் தெருவில் நடக்க அனுமதி இல்லாதவர்கள் அந்தச் சந்து வழியே வந்து போனார்கள். சமையல் உள்ளுக்கும் கக்கூஸுக்கும் இடையே வேண்டிய தூரமே வீட்டின் நீளத்துக்கு ஒரு முக்கியக் காரணம். அந்த வழக்கத்தைத் தடை செய்ய 1993-ல் ஒரு சட்டமும், 2013-ல் இன்னொரு சட்டமும் தேவைப்பட்டன.

திண்ணையோடு நிற்கவேண்டியவர் யார், ரேழி வரை வரக்கூடியவர் யார், கூடம் வரை வரக்கூடியவர் யார் என்பதையும் வீட்டின் அமைப்பே வகுத்துவைத்திருந்தது. மாதத்தில் மூன்று நாள் வீட்டுப் பெண்களே பின்கட்டுக்கு அப்பால் தனியாக இருந்தார்கள். இளம் வயதில் கணவனை இழந்த என் அத்தைப்பாட்டி தன் வாழ்நாளில் பெரும்பகுதியைச் சமையல் உள்ளுக்குப் பக்கத்திலிருந்த வெளிச்சமில்லாத ஓர் அறையில் கழித்தாள். முற்றத்து வெளிச்சம் எல்லோர் மேலும் ஒரேமாதிரி விழவில்லை. ஆகவே பழைய வீட்டை அப்படியே திரும்பக் கட்டவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை.

செட்பேக் வந்த கதை

மனையின் நான்கு பக்கமும் இடம் விட்டுக் கட்டவேண்டும் என்ற விதி நம் ஊரில் பிறந்ததல்ல. 1896-ல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. நெருக்கமும் இருட்டுமே காரணம் என்று அரசாங்கம் கருதி, 1898-ல் பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்ட்டை ஏற்படுத்தியது. அந்த டிரஸ்ட் 63½ டிகிரி என்றொரு வெளிச்ச விதியைக் கடைப்பிடித்தது. அந்தக் கோணத்தின் டேன்ஜென்ட் ஏறக்குறைய 2. எதிரே உள்ள கட்டடத்தின் உயரம், நடுவில் விட்ட திறந்தவெளியைப் போல் இரு மடங்குக்கு மேல் போகக்கூடாது என்பதே அதன் பொருள். காரணத்தோடு கூடிய விதி.

அதே 1898-ல் இங்கிலாந்தில் எபனேசர் ஹோவர்டு தோட்ட நகரம் பற்றிய தம் புத்தகத்தை வெளியிட்டார். 1903-ல் லெட்ச்வொர்த் என்ற தோட்ட நகரம் கட்டத் தொடங்கினார்கள். சுற்றிலும் தோட்டம், நடுவில் வீடு. குளிர் நாட்டில் வெயிலை வீட்டுக்குள் வரவேற்கவேண்டும். நமக்கோ அதைத் தடுக்கவேண்டும்.

நகரமைப்பு அறிஞர் பாட்ரிக் கெடஸ் தம் கண்காட்சியுடன் சென்னைக்கு வரவிருந்தார். கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை 1914 அக்டோபரில் ஜெர்மனியின் எம்டன் மூழ்கடித்துவிட்டது. சில வாரங்களுக்கு முன் செப்டம்பர் 22 அன்று சென்னைத் துறைமுகத்தின் மேல் குண்டு வீசிய அதே எம்டன்தான். வேறு வரைபடங்களும் படங்களும் சேகரித்து அனுப்பப்பட, 1915 ஜனவரியில் சென்னை ஸெனட் ஹவுஸில் கண்காட்சி நடந்தது. கெடஸ் இந்த ராஜதானியின் ஊர்கள் பலவற்றைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். பழைய தெருக்களை இடித்து அகலச் சாலை போடுவதை அவர் எதிர்த்தார். பாழடைந்த சில வீடுகளை மட்டும் அகற்றி, அந்த இடங்களைத் திறந்தவெளியாக விட்டால் போதும், செலவும் குறையும் என்று தஞ்சாவூரை வைத்தே விளக்கினார். நம் தெருவைப் புரிந்துகொண்ட வெள்ளைக்காரர். ஆனால் அவர் யோசனை சட்டப் புத்தகத்தில் ஏறவில்லை. தோட்ட வீடுதான் ஏறியது.

1920-ல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. 1923 முதல் மாம்பலம் பக்கத்து நீண்ட ஏரியின் ஒரு பகுதியைத் தூர்த்துத் தியாகராய நகரை அமைத்தார்கள். கார்வேட்டியில் காட்டை வெட்டினார்கள், இங்கே ஏரியைத் தூர்த்தார்கள். அப்போது முதன்மந்திரியாக இருந்த பனகல் ராஜா நம் சித்தூர் பக்கத்துக் காளஹஸ்தியில் பிறந்தவர். நகரின் நடுப் பூங்காவுக்கு அவர் பெயர். ஜஸ்டிஸ் கட்சித் தலைவர்களின் பெயர் தாங்கிய அந்தத் தெருக்களில், மயிலாப்பூரையும் தஞ்சாவூரையும் விட்டுவந்த நம்மவர்கள் ஏராளமாகக் குடியேறினார்கள். வாசலில் போர்டிகோ, சுற்றிலும் தென்னை, மா. காம்பவுண்டு சுவர் திண்ணையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆனால் கிரவுண்டு கணக்கில் மனை இருந்ததால், பக்கத்தில் விட்ட இடத்தில் மரம் வளர்ந்தது, வீட்டின் மேல் நிழல் விழுந்தது. விதி அங்கே பலன் தந்தது.

சிமெண்ட் செய்த மாறுதல்

அதற்குப் பின் மாறியது கூரை. மங்களூரில் பாஸல் மிஷன் 1865-ல் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலை நம் வீடுகளின் தலையில் சிவப்பு ஓட்டை ஏற்றியது. வசதி உள்ளவர்கள் தேக்குச் சட்டத்தின் மேல் சிறிய செங்கல்லைக் குத்தாக அடுக்கி, ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி இடித்து, "மெட்ராஸ் டெரஸ்" போட்டார்கள். கனமான கூரை. சூடு இறங்க நேரம் பிடிக்கும்.

சுதந்திரத்துக்குப் பின் கம்பியும் சிமெண்டும் வந்தன. நான் உத்தியோகத்தில் சேர்ந்த காலத்தில் சிமெண்ட் கட்டுப்பாட்டில் இருந்தது. வீடு கட்டுகிறவர் பெர்மிட்டுக்காகக் காத்திருப்பார். 1982-ல் பாதிக் கட்டுப்பாடும், 1989-ல் முழுதும் நீங்கின. சிமெண்ட் கிடைக்காத நாளில் நான்கு அங்குலத் தளம் போட்டு, மேலே சுருக்கியும் தட்டோடும் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் பலர். பலர் கடைசிவரை போடவே இல்லை. அந்தத் தளம் பகல் முழுதும் காய்ந்து, இரவு பத்து மணிக்கு நம் மேல் அனலை இறக்கும். செப்டிக் டேங்க் வந்ததும் கக்கூஸ் வீட்டுக்குள் வந்தது. நீளம் தேவையற்றுப் போயிற்று. இது நல்ல மாறுதல், சந்தேகமில்லை. நீளம் போனதோடு முற்றமும் போய்விட்டது என்பதுதான் வருத்தம். அது போகவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

என் மேஜைக்கு வந்த வரைபடம்

உத்தியோக காலத்தில் சில வருஷம், கட்டட அனுமதிக் கோப்புகள் என் மேஜை வழியே போயின. ஒரு நாள் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் வந்தார். மனை இருபதடி அகலம். தானும் அண்டை மனைக்காரரும் சம்மதித்து நடுச்சுவரைப் பொதுவாக வைத்துக்கொள்வதாகவும், பக்கத்தில் விடவேண்டிய இடத்தைச் சேர்த்து நடுவில் முற்றமாக விட்டுவிடுவதாகவும், தெருவோரம் ஒரு திண்ணை வைப்பதாகவும் எழுதியிருந்தார். "மொத்தத் திறந்தவெளி சட்டம் சொல்வதைவிட அதிகம் ஸார், கணக்குப் பாருங்கள்" என்றார். கணக்குப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. ஆனால் அது வரிசை வீட்டுக்கு அனுமதியுள்ள பகுதி அல்ல. பக்கத்துக்குப் பக்கம் இடம் விடவேண்டும், முன்பக்கத்தில் விடவேண்டிய இடத்தில் திண்ணை எழும்பக்கூடாது. "விதிகளுக்கு முரண்" என்று எழுதித் திருப்பிவிட்டேன்.

விதிப்படி நான் செய்தது தவறல்ல. ஆனால் விதியைத் தளர்த்த வழி உண்டா என்று மேலே ஒரு குறிப்பு எழுதி அனுப்பியிருக்கலாம். எழுதவில்லை. அவர் பிறகு பதிமூன்றடி அகலத்தில் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டார். ஒருமுறை அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். பக்கத்துச் சந்தில் உடைந்த வாளியும் கியாஸ் சிலிண்டரும் இருந்தன. காற்று போக வழியில்லை.

வில்லாவின் கணக்கு

இப்போது திருப்பதி வழியில் பார்த்த வில்லாவுக்கு வருகிறேன். மனை 30-க்கு 40 அடி, 1,200 சதுர அடி. முன்னால் ஐந்தடி, மற்ற மூன்று பக்கமும் மூன்றடி விட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு மிஞ்சுவது 24-க்கு 32, அதாவது 768 சதுர அடி. சுற்றிலும் கீற்றுக் கீற்றாகப் போவது 432 சதுர அடி, மனையில் 36 சதவிகிதம்.

இந்த வீட்டுக்கும் அண்டை வீட்டுக்கும் நடுவே இரு பக்கமும் சேர்த்து ஆறடி. அதன் நடுவிலும் ஒரு காம்பவுண்டு சுவர். இரண்டு மாடி வீட்டின் உயரம் சுமார் 24 அடி. பழைய பம்பாய் விதிப்படி 24 அடி உயரத்துக்குப் பன்னிரண்டடி வெளி வேண்டும். இருப்பது அதில் பாதி. ஆக, வெளிச்சத்துக்காகப் பிறந்த விதி, வெளிச்சம் தராத அளவுக்குச் சுருங்கி, சடங்காக மட்டும் நிற்கிறது. கிழக்கு, மேற்குச் சுவர்களில் மாடிப் பகுதி வெயிலில் காய்கிறது, கீழ்ப் பகுதி இருட்டில் கிடக்கிறது. அதற்கு ஏ.ஸி. வாங்குகிறோம்.

432 சதுர அடி என்பது எவ்வளவு? ஒரு சென்ட் நிலம் 435.6 சதுர அடி. 2020 டிசம்பரில் ஆந்திர அரசு ஏழைகளுக்கு இலவச மனைப் பட்டா வழங்கத் தொடங்கியபோது, நகரப் பகுதிக் குடும்பத்துக்குக் கொடுத்தது ஒரு சென்ட். கிராமப் பகுதிக்கு ஒன்றரை சென்ட். நாம் உபயோகமில்லாமல் சுற்றி விடுகிற கீற்றில் ஒரு குடும்பத்தின் முழு மனையே அடங்கிவிடும். இந்தக் கணக்கைப் போட்ட அன்று எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

சிறு மனையில் நல்ல வீடு அமையாது என்பதும் இல்லை. 1980-களில் இந்தூரில் அரண்யா என்ற குடியிருப்பை கட்டடக் கலைஞர் பி.வி. தோஷி வடிவமைத்தார். சுமார் 6,500 மனைகள். மிகச் சிறிய மனை 35 சதுர மீட்டர், ஒரு சென்ட்டைவிடக் குறைவு. ஒட்டுச் சுவர், வாசலில் திண்ணை, வெளிப்படிக்கட்டு, வசதி வந்தபோது மேலே கட்டிக்கொள்ள இடம். 1995-ல் அதற்கு ஆகா கான் விருது கிடைத்தது. 2018-ல் தோஷிக்குக் கட்டடக் கலையின் மிக உயர்ந்த கௌரவமான பிரிட்ஸ்கர் பரிசும் கிடைத்தது. எந்த ஜாதியார் எந்தத் திண்ணையில் உட்காரலாம் என்ற கட்டளை இல்லாத தெருவிலும் திண்ணை வாழும் என்பதற்கு இது சாட்சி.

திசையைப் பற்றி ஒரு வார்த்தை

அந்த லே-அவுட்டில் கிழக்குப் பார்த்த மனைக்கு விலை அதிகம். தெற்குப் பார்த்ததை "கொஞ்சம் குறைத்துத் தருகிறேன்" என்றார். கோவிலைச் சுற்றிய நான்கு மாட வீதிகளை நினைத்துப் பாருங்கள். வடக்கு மாட வீதியில் கோவிலை நோக்கிய வீடு தெற்குப் பார்த்துத்தான் இருக்கும். அங்கே வேதம் சொன்னவர்களும் வாழ்ந்தார்கள், குழந்தைகள் பெற்றார்கள், கல்யாணங்கள் நடந்தன. தெற்குப் பார்த்த வீட்டுக்குச் சுட்டெரிக்கும் மேற்கு வெயில் முகப்பில் விழாது. விலையும் குறைவு என்றால் நான் அதைத்தான் வாங்குவேன்.

அங்கத்தினர்களுக்கு

வீடு வாங்கப் போகும் அன்பர்கள் தூணையும் ஊஞ்சல் கொக்கியையும் பார்த்து ஏமாறவேண்டாம். நான்கு கேள்வி கேளுங்கள். ஒன்று, மேற்குச் சுவருக்கு நிழல் எது? இரண்டு, தளத்தின் மேல் சூடு தடுக்க என்ன போட்டிருக்கிறார்கள்? மூன்று, திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு எவ்வளவு? 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட ஈகோ நிவாஸ் ஸம்ஹிதா என்ற நெறிமுறை, சென்னை போன்ற வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர்களில் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது வேண்டும் என்கிறது. நான்கு, முழங்கால் வலி உள்ள ஒரு கிழவர் தெருவைப் பார்த்து உட்கார ஒன்றரை அடி உயரத்தில், இரண்டடி அகலத்தில் இடம் உண்டா? பத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து கேட்டால், அண்டை வீடுகளை இரண்டிரண்டாக ஒட்டிக் கட்டி மிச்சமாகும் இடத்தைத் திறந்தவெளியாக விட அனுமதி கேட்டு மனுச் செய்யும்படி பில்டரைச் சம்மதிக்க வைக்கலாம். மறுத்து எழுதும் அதிகாரி ஒருவர் இருப்பார். கேட்பதை நிறுத்தவேண்டாம்.

என் பிள்ளை இன்னும் முன்பணம் கட்டவில்லை. மூன்றாம் கேள்விக்குப் பதில் வரவில்லையாம்.

இன்னொரு வேண்டுகோள். பூர்வீக வீடு இன்னும் நிற்கும் அன்பர்கள், ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய்த் திண்ணை முதல் கொல்லை வரை அளந்து, ஒரு தாளில் படம் போட்டு வையுங்கள். பின் சந்தையும், யார் எந்த அறையில் இருந்தார்கள் என்பதையும் மறைக்காமல் குறித்து வையுங்கள். எங்கள் பாட்டனார் வீடு 1980-களில் கைமாறி இடிபட்டது. முற்றம் எத்தனை அடி என்று இன்று என் பேத்தி கேட்டால், நான் கையை விரித்துக் காட்டுகிறேன். அளவு சொல்லத் தெரியவில்லை.